சாம்பலில் கை வைத்துப் பார்ப்பது

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பூங்காவில், கூடாரமோ வண்டியோ போட்டுத் தங்கும் கேம்ப் கிரவுண்டில் எங்களுக்கு வேலை. மதியம் 1 மணிக்குள் பழையவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். புதியவர்கள் 4 மணிக்கு மேல் வரலாம். நடுவில் கிடைக்கிற அந்த மூன்று மணி நேரத்தில்தான் எங்கள் வேலை மும்முரமாக நடக்கும். நான் ஒரு இரும்பு வாளியும் குட்டைப் பிடி போட்ட மண்வெட்டியும் எடுத்துக்கொள்வேன். என் கணவர் ரேக்கையும் கயிற்றில் கட்டிய காந்தத்தையும் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு சைட்டாக, அதாவது ஒரு குடும்பம் தங்கும் இடம் ஒவ்வொன்றாக, நடப்போம். ஒவ்வொன்றிலும் தரையில் பதித்த இரும்பு வளையம் ஒன்று இருக்கும். அதுதான் நெருப்புக் குழி. மேலே பார்த்தால் வெளுத்த சாம்பல், எல்லாம் அடங்கிவிட்ட மாதிரி இருக்கும். குனிந்து புறங்கையை ஒரு சாண் உயரத்தில் பிடித்துப் பார்ப்பேன். சூடு தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் கீழே. அப்போதும் தெரியாவிட்டால் அடியோடு புரட்டிவிட்டு மறுபடியும். பல நாள் அடியில் ஒரு கங்கு சிவப்பாகக் கண் விழிக்கும்.

தண்ணீர் ஊற்று, கிளறு, தொட்டுப் பார், சந்தேகம் இருந்தால் இன்னொரு வாளி ஊற்று. 2022 ஜூனில் நாங்கள் சேர்ந்த முதல் நாள் பூங்கா அதிகாரியான ரேஞ்சர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். அதை எங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. 2020 செப்டம்பர் காட்டுத்தீயில் ஒரேகான் மாநிலத்தில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தபோது நாங்கள் பீவர்ட்டனில் எங்கள் வீட்டு ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கார் மேல் சாம்பல் விழுந்து கிடந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

எனக்கு வயது 67. அவருக்கு 70. நான் முப்பது வருடம் மருத்துவமனை லேபில் வேலை பார்த்தேன், அவர் சிப் தயாரிக்கும் கம்பெனியில். 1988-ல் இந்த நாட்டுக்கு வந்தோம். 2021-ல் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு வீட்டை விற்றோம். 25 அடி நீள டிரெய்லர் ஒன்றும் அதை இழுக்க ஒரு பிக்கப் டிரக்கும் வாங்கினோம். கோடையில் ஒரேகான் கடலோரம், குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனம். கோடை மாதங்களில் மாநிலப் பூங்காவில் கேம்ப் ஹோஸ்ட். ஆர்.வி. வாழ்க்கை, அதாவது வண்டியையே வீடாக்கி வாழ்வது, என்றால் நம்மவர்களுக்கு இப்போது ஓரளவு தெரிகிறது. கேம்ப் ஹோஸ்ட் என்றால்தான் "அப்படின்னா என்ன?" என்கிறார்கள். நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

பூங்காவில் வந்து தங்குகிறவர்களையும் இடத்தையும் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்தான் கேம்ப் ஹோஸ்ட். ஏற்பாடு எளிமையானது. சொந்த வண்டியோடு போய்ப் பூங்காவிலேயே தங்க வேண்டும். குறைந்தது ஒரு மாதம். விண்ணப்பம் போட்டால் நம் பின்னணியைச் சரிபார்த்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் போல வேலை. சம்பளம் கிடையாது. பதிலுக்கு மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் உள்ள ஒரு சைட் இலவசம். வாசலில் "கேம்ப் ஹோஸ்ட்" என்ற பலகை. தேசியக் காடுகளில் உள்ள பல கேம்ப் கிரவுண்டுகளைத் தனியார் ஒப்பந்தக்காரர்கள் நடத்துகிறார்கள், அங்கே ஹோஸ்டுக்குச் சம்பளம் உண்டு, அது வேறு மாதிரி வேலை. மத்திய அரசு இடங்களில் தன்னார்வலராக 250 மணி நேரம் உழைத்தால் ஒரு வருடத்துக்கான நுழைவு அட்டையை இலவசமாகத் தருவார்கள். 62 வயதான குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் ஆயுட்கால சீனியர் பாஸ் உண்டு. 2017 வரை அது 10 டாலராக இருந்தது, பிறகு 80 ஆக்கினார்கள். அப்போதும் அது கொடுக்கத் தகுந்த காசு, ஏனென்றால் மத்திய அரசின் பெரும்பாலான கேம்ப் கிரவுண்டுகளில் அதைக் காட்டினால் பாதிக் கட்டணம்தான்.

எங்கள் முதல் பூங்கா ஃபோர்ட் ஸ்டீவன்ஸ். ஒரேகானின் வடமேற்கு மூலை, கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கிற முகத்துவாரம். சுமார் 500 சைட்டுகள் கொண்ட பெரிய இடம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் எழுந்த ராணுவக் கோட்டை அது, 1947 வரை ராணுவத்திடமே இருந்தது. 1942 ஜூன் 21 இரவு ஐ-25 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் இதன் மேல் 17 குண்டுகள் சுட்டது. கோட்டையில் இருந்தவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று திருப்பிச் சுடவில்லை. கடற்கரைக்குப் போனால் பீட்டர் ஐரிடேல் என்ற கப்பலின் துருப்பிடித்த விலா எலும்புகள் மணலில் நிற்கும். 1906 அக்டோபர் 25 அன்று தரைதட்டிய கப்பல், ஒருவரும் சாகவில்லை. எங்களிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி கழிப்பறை எங்கே என்பது, இரண்டாவது கேள்வி அந்தக் கப்பல் எங்கே என்பது.

கழிப்பறை என்ற பேச்சு வந்துவிட்டதால் அதைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

பீவர்ட்டனில் ஒரு பொங்கல் விழாவில், நெடுநாள் தோழி ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏன்டி, இந்த வயசுல போய் ஊரான் கக்கூஸ் கழுவுறியாமே? உங்களுக்கு என்ன குறைச்சல்?" என்றாள். அக்கறையோடுதான் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் சொன்னேன், ஆமாம், கழுவுகிறேன். பெரிய சுத்தமெல்லாம் பூங்கா ஊழியர்கள் செய்கிறார்கள். நடுவில் காகிதம் வைப்பது, தரையைத் துடைப்பது, குழந்தை வாந்தி எடுத்துவிட்டால் உடனே அலசி விடுவது எங்கள் வேலை. ரப்பர் கையுறை, வாளி, மாப் எல்லாம் கொடுக்கிறார்கள்.

அவளிடம் அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். நான் பிறந்தது ஒரத்தநாடு. 1960-களில் எங்கள் வீட்டில் கொல்லைக் கடைசியில் எடுப்புக் கக்கூஸ். விடியுமுன் பின்சந்து வழியாக அதை அள்ளிப்போக ஒரு அம்மாள் வருவார். தகரத் துண்டு உரசுகிற சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் கொல்லைப் பக்கம் போகக் கூடாது என்று எங்கள் பாட்டி சொல்லி வைத்திருந்தார். பத்து வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தேன். அந்த அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை, வீட்டில் யாரும் சொன்னதும் இல்லை. முதல் வாரம் ஃபோர்ட் ஸ்டீவன்ஸில் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது அந்தத் தகரச் சத்தம் காதுக்குள் கேட்டது. சிறிது நேரம் நின்றுவிட்டேன். எனக்குக் கையுறை உண்டு, நன்றி சொல்ல ஆள் உண்டு, வேண்டாம் என்றால் நாளைக்கே கிளம்பிவிடலாம். அவருக்கு இதில் ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு இடத்தை அடுத்தவருக்காகச் சுத்தம் செய்து வைப்பது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் என் உடம்பில் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பது 65 வயதில்தான் எனக்குப் புரிந்தது. அந்த எண்ணம் என்னைவிட்டுப் போக இரண்டு கோடை பிடித்தது.

எங்கள் ஊரில் முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. சரபோஜி மன்னர் கட்டியது. ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்கு அங்கே சோறும் தங்க இடமும் கிடைத்தன என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். யார் கட்டினார்கள் என்று தெரியும், யார் சாப்பிட்டார்கள் என்று தெரியும். இலையை எடுத்தது யார், அடுப்புச் சாம்பலை அள்ளியது யார், நடு இரவில் வந்தவனுக்கு எழுந்து கதவு திறந்தது யார் என்று யாரும் சொன்னதில்லை. இப்போது சாம்பல் வாளியோடு நடக்கும்போது அவர்களைப் பற்றித்தான் யோசிக்கிறேன். வந்தவரை வரவேற்பது என்று நாம் பெருமையாகச் சொல்வதில் முக்கால் பங்கு இந்த வேலைதான். முந்தையவர் இருந்த சுவடே இல்லாமல், உனக்காகவே வைத்திருந்தோம் என்பது போல ஒரு இடத்தைக் கொடுப்பது.

காந்தம் எதற்கு என்று கேட்பீர்கள். கடைகளில் தூக்கிப்போடும் மரப் பலகைச் சட்டங்களைச் சிலர் விறகாகக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். மரம் எரிந்துவிடும், ஆணிகள் சாம்பலில் தங்கிவிடும். ஒரு குழியில் 60-க்கு மேல் ஆணி எடுத்திருக்கிறோம். சாம்பலை அப்படியே வாரிக் கொட்டினால் அவை பரவும். வண்டி டயர், குழந்தையின் கால், ராத்திரி கூட்டமாக வந்து மேயும் எல்க் மான்களின் குளம்பு, எதில் வேண்டுமானாலும் ஏறும். ஆணி தவிர ரொட்டிப் பையின் பிளாஸ்டிக் கிளிப், கூடார முளை, பாட்டில் மூடி, உருகிப்போன அலுமினியக் கட்டி. என் கணவர் எல்லாவற்றையும் ஒரு காபி டப்பாவில் போட்டு வைப்பார். மாதக் கடைசியில் அது நிறைந்திருக்கும்.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம். இதில் இறங்க நினைக்கும் நம்மவர்கள் வண்டிக்குள் சோபா எப்படி, டி.வி. எத்தனை அங்குலம் என்று பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது எடை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கக் கொக்கியில் அழுத்த வேண்டும். பின்பக்கம் கனத்தால் வண்டி வால் ஆட்டத் தொடங்கும். எங்களுக்கு அது முதல் பயணத்திலேயே நடந்தது. தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டு. எங்கள் தொட்டி பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. அதோடு பின் அலமாரியில் இரண்டு அரிசி மூட்டை, கல் கிரைண்டர், என் பாத்திரங்கள். கொலம்பியா பள்ளத்தாக்கில் காற்று எப்போதும் பலமாக அடிக்கும். ஒரு லாரி கடந்து போன வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. நல்ல வேளை, என் கணவர் டிரக்கின் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்தினார். ஆட்டம் நின்றது. ஓரமாக நிறுத்தி நாங்கள் இருவரும் வெகு நேரம் பேசவில்லை. அன்றிலிருந்து தொட்டியைக் காலியாக வைத்துத்தான் ஓட்டுகிறோம். கிரைண்டர் அச்சுக்கு முன்னால், தரையோடு வாரில் கட்டி.

கழிவுத் தொட்டிகள் இரண்டு உண்டு. கழிப்பறைக்கு ஒன்று, குளியலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் இன்னொன்று. நிரந்தரக் குழாய் கிடைத்துவிட்டது என்று கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். நீர் மட்டும் ஓடிவிடும், மற்றது அடியில் கெட்டித்து மேடு கட்டிவிடும். மூடி வைத்து, முக்கால் பங்கு நிறைந்ததும் திறக்க வேண்டும். அதை முதலில் விட்டு, அப்புறம் சோப்புத் தண்ணீரை விட்டால் குழாய் தானாக அலசிக்கொள்ளும். இதைக் கேட்டு எங்கள் கதவைத் தட்டாத வாரமே கிடையாது.

இட்லி மாவு புளிக்குமா என்று எல்லாப் பெண்களும் கேட்கிறார்கள். கடலோரக் குளிரில் சும்மா வைத்தால் புளிக்காது. எங்கள் கட்டிலுக்கு அடியில் வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறது, அதை ஒட்டிய பெட்டிக்குள் இரவு வைத்துவிடுவேன். காலையில் பொங்கியிருக்கும்.

அடுத்து சொல்லப்போவது எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது.

ஒரேகான் கடற்கரை முழுக்க ஒரு பலகையைப் பார்ப்பீர்கள். அலை துரத்த மேட்டில் ஏறும் ஒரு மனிதனின் படம். இந்தக் கரைக்கு அப்பால் கடலடியில் கஸ்கேடியா என்ற நிலத்தட்டுப் பிளவு இருக்கிறது. 1700 ஜனவரி 26 இரவு அது நிலநடுக்க அளவில் சுமார் 9 என்று அதிர்ந்து, பெரிய சுனாமி அலைகளைக் கிளப்பியது. இங்கே அதை எழுதி வைக்க அப்போது யாரும் இல்லை. ஜப்பானில்தான், நில அதிர்வே இல்லாமல் ஓர் அலை வந்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பையும் இங்கே உப்புநீரில் மூழ்கிச் செத்த மரங்களையும் பொருத்திப் பார்த்துத்தான் விஞ்ஞானிகள் நாளைக் கண்டுபிடித்தார்கள். மறுபடி அது நடந்தால் சில இடங்களுக்கு அலை வர 15, 20 நிமிடம்தான் ஆகும். சைரனுக்காகக் காத்திருக்கக் கூடாது. நிலம் ஆடுவதே எச்சரிக்கை. ஆட்டம் நின்ற உடனே நடந்தே மேட்டுக்குப் போக வேண்டும். கார் வேண்டாம், பை வேண்டாம்.

2004 டிசம்பர் 25 இரவு, பீவர்ட்டன் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் 26-ஆம் தேதி காலை. போன் அடித்தது. என் சித்தி நாகப்பட்டினத்தில் இருந்தார். தண்ணீர் அவர் தெரு முனை வரை வந்து நின்றுவிட்டது. தினமும் காலையில் அவருக்கு மீன் கொண்டுவந்து கொடுக்கும் பெண்ணும் அவள் பிள்ளைகள் இருவரும் போய்விட்டார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர். கடல் பின்வாங்கியபோது பிள்ளைகள் அதைப் பார்க்க ஓடினார்கள் என்று சித்தி போனில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அவ்வளவுதான். யாரோ ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

அதனால் என் பகுதிக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் சொல்கிறேன். விறகு எங்கே கிடைக்கும் என்று சொல்லும்போதே வரைபடத்தில் வழியையும் விரலால் காட்டிவிடுவேன். சிலர் சலித்துக்கொள்வார்கள், விடுமுறைக்கு வந்த இடத்தில் இது என்ன பேச்சு என்று. குழந்தைகளிடம் சொன்னால் அவர்கள் மறப்பதில்லை. ஒரு சிறுவன் மறுநாள் தன் அப்பாவை அந்த வழியில் நடக்க வைத்து நிமிடம் எண்ணிவிட்டு வந்து என்னிடம் சொன்னான். அந்தக் குடும்பத்தின் பெயர் நினைவில்லை. அந்தப் பையன் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றது மறக்கவே மறக்காது.

விறகைப் பற்றி எங்கள் பலகையில் ஒரு வரி உண்டு. எரிக்கும் ஊரிலேயே வாங்குங்கள். காரணம் ஒரு பூச்சி. அரை அங்குலம் போலத்தான் இருக்கும், மரகதப் பச்சையில் மினுக்கும், பார்க்க அழகாக இருக்கும். அதன் புழு ஆஷ் என்ற மரத்தின் பட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டும், மரத்துக்குள் நீர் ஏறும் பாதை அறுந்துவிடும். 2002-ல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன. தானாகப் பறந்தால் வருடத்துக்குச் சில மைல்தான். விறகோடு லாரியில் ஏறினால் ஒரே நாளில் ஆயிரம் மைல். நாங்கள் ஹோஸ்டாகச் சேர்ந்த அதே 2022 ஜூன் கடைசியில், எங்கள் பழைய வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஃபாரஸ்ட் குரோவ் ஊரில், ஒரு பள்ளி வளாகத்து மரங்களில் அது இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரேகானுக்குள் வந்துவிட்டது.

மறு வருடம் ஆகஸ்டில் ஒரு பெரியவர் வந்தார். 80-ஐ நெருங்கிய வயது. மத்திய மேற்கு மாநிலம் ஒன்றிலிருந்து பழைய வேன் ஒன்றைத் தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சாயங்காலம் அவர் சைட் வழியாகப் போனபோது வேனுக்குப் பக்கத்தில் பிளந்த கட்டைகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். பட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பயிற்சியில் காட்டியிருந்தார்கள். வைர வடிவத்தில் வரிவரியாக ஓடும் பட்டை. இது எங்கிருந்து என்று கேட்டேன். வீட்டு முற்றத்து மரம் என்றார். கல்யாணமான வருடம் அவர் மனைவி நட்டது. பூச்சி விழுந்து செத்ததால் வெட்ட வேண்டியதாகிவிட்டது. மனைவியும் அந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனார். பசிபிக் கடலை அவர் பார்த்ததே இல்லை, பார்க்க ஆசைப்பட்டாராம். கடல் ஓரத்தில் இந்த மரத்தை எரிப்பதாக அவரிடம் சொல்லியிருந்தேன் என்றார்.

விதி எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது. ஹோஸ்டுக்கு யாரையும் தடுக்கும் அதிகாரம் கிடையாது, ரேஞ்சரைக் கூப்பிடுவதுதான் எங்கள் வேலை. கூப்பிட்டேன். இளம்பெண், 30 வயது இருக்கும். அவள் வந்து பெரியவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள், இந்தக் கட்டைகள் இனி எங்கும் போகக் கூடாது, ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது, எல்லாவற்றையும் இன்றிரவே, இங்கேயே, சாம்பலாகும்வரை எரித்துவிட வேண்டும். அவர் வேனுக்குள் சிந்தியிருக்கும் பட்டைத் துண்டுகளையும் சேர்த்து. அவர் தலையாட்டினார்.

அன்றிரவு நாங்கள் மூவரும் அந்தக் குழியைச் சுற்றி உட்கார்ந்தோம். அவர் டார்ச் பிடிக்க, என் கணவர் வேனைத் துடைப்பத்தால் மூலை மூலையாகப் பெருக்கி முறத்தில் அள்ளிவந்தார். நான் ரசம் வைத்துக் கொண்டுபோனேன், டம்ளரில் ஊற்றிக் குடித்தார், இன்னொரு டம்ளர் கேட்டார். மனைவியைப் பற்றி அதிகம் பேசவில்லை. மரத்தைப் பற்றித்தான் பேசினார். எந்தக் கிளையில் ஊஞ்சல் கட்டியது, எந்த வருடம் இடி விழுந்தது, இலை மஞ்சளாகும்போது சமையலறைக்குள் வெளிச்சம் எப்படி வரும். நள்ளிரவு தாண்டிக் கடைசிக் கட்டையைப் போட்டார். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது விதி. அவர் சத்தமில்லாமல்தான் அழுதார்.

காலையில் சீக்கிரமாகவே கிளம்பிவிட்டார். போவதற்கு முன் குழியில் அவரே தண்ணீர் ஊற்றியிருந்தார். நான் வழக்கம்போல் புறங்கையைப் பிடித்துப் பார்த்தேன், புரட்டினேன், விரலை விட்டேன். ஆறியிருந்தது. ஒரு ஆணி இல்லை, ஒரு கரித்துண்டு இல்லை. ஊரில் எங்கள் அப்பாவுக்கு மறுநாள் சாம்பல் அள்ளும் சஞ்சயனத்துக்குப் போய் நின்றவர் என் தம்பி. பெண்கள் வர வேண்டாம் என்றார்கள், அதோடு நான் இங்கிருந்து போய்ச் சேரவும் இரண்டு நாள் ஆனது. அந்தச் சாம்பலை அள்ளி வாளியில் போடும்போது கை மெதுவாகத்தான் போயிற்று.

நம்மவர்களும் இப்போது நிறைய வருகிறார்கள். சியாட்டில் பக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி, இரண்டு பிள்ளைகள், கடையில் வாங்கிய உறை பிரிக்காத கூடாரம். இருட்டப் போகிறது, மழை தூறுகிறது, கம்பி எங்கே நுழைகிறது என்று புரியாமல் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னாலிருந்து "வாங்க, முதல்ல அந்தத் தார்ப்பாயை விரிச்சுக்குவோம்" என்றேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. முப்பத்தைந்து வருடமாக இந்த நாட்டில் என்னை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், நீ எந்த ஊர் என்று. அன்பாகவும் கேட்டிருக்கிறார்கள், வேறு மாதிரியும் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்த பிறகு யாரும் அப்படிக் கேட்பதில்லை. அலை எப்போது இறங்கும், மான் கடிக்குமா, விறகு ஈரமாக இருக்கிறதே என்று கேட்கிறார்கள். வாங்க என்று சொல்லும் இடத்தில் நான் இருக்கிறேன். அந்தக் குடும்பத்துக் குட்டிப் பெண், "பாட்டி, இந்த பார்க் உங்களோடதா?" என்றாள். என்னோடது இல்லை கண்ணு, நான் பார்த்துக்கறேன் என்றேன்.

எல்லா நாளும் இப்படி இருக்காது. ஜூலை 4 வாரத்தில் தூக்கமே கிடையாது. பட்டாசு கூடாது என்று சொன்னால் முறைப்பார்கள். ஒரு வருடம் பேத்தியின் முதல் பிறந்தநாளைத் தவறவிட்டோம். எங்கள் மகள் அதற்காகப் பல நாள் வருத்தப்பட்டாள், அது நியாயமான வருத்தம். வருடம் முழுக்க வண்டியிலேயே இருப்பவர்கள் முகவரிக்காகத் தெற்கு டகோட்டா, டெக்சஸ், புளோரிடா மாநிலங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அங்கே மாநில வருமான வரி இல்லை. நாங்கள் மகள் வீட்டு முகவரியையே வைத்துக்கொண்டோம். தபால் அங்கே போனால் நாங்களும் அங்கே போக வேண்டியிருக்கும் அல்லவா. 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைப் பற்றி ஒன்று மட்டும். வட்டார மருத்துவர்களோடு கட்டிப்போடும் அட்வான்டேஜ் திட்டங்களை விட, நாடு முழுக்கச் செல்லும் பழைய மெடிகேர்தான் எங்களைப் போல் சுற்றுகிறவர்களுக்கு ஒத்துவருகிறது. 65 வயதில் யோசித்து முடிவெடுங்கள், பிறகு மாற்றுவது பல மாநிலங்களில் கஷ்டம்.

சென்ற செப்டம்பர் கடைசி நாள் எங்கள் முறை முடிந்தது. அடுத்து வரும் தம்பதி காலையிலேயே வந்து சாலையோரம் டிரெய்லரோடு காத்திருந்தார்கள். நாங்கள் எங்கள் சைட்டை மற்ற சைட்டுகளைப் போலவே சுத்தம் செய்தோம். எங்கள் குழியிலும் காந்தம் ஓட்டினோம், புறங்கை பிடித்துப் பார்த்தோம். சாவிக் கொத்து, கையுறை, வாளி, மண்வெட்டி எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். புதிதாக வந்த பெண் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "நான் முக்கியமாக என்ன கவனிக்க வேண்டும், சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். மூலையில் இருக்கும் சைட்டில் மரவேர் ஒன்று மேலே வந்திருக்கிறது, இருட்டில் வருகிறவர்கள் இடறுவார்கள், முதலிலேயே காட்டிவிடுங்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது தாழ்ப்பாள் கொஞ்சம் தூக்கிப் போட்டால்தான் விழும். அக்டோபரில் ஆண் எல்க் மான்கள் கோபமாக இருக்கும், படம் எடுக்கப் போகிறவர்களை விடாதீர்கள். மேட்டுக்குப் போகும் வழியை இன்றைக்கே ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று. அவர் எழுதிக்கொண்டே வந்து, அந்த இடத்தில் நிறுத்தி, "இப்பவே போகலாமா?" என்று கேட்டார். சரி என்று நானும் கூடவே நடந்தேன்.